இருபது முடி

அட, அவனை அப்புறம் பாக்கலாம் தம்பி. அவன் எங்க ஓடிப் போறான்? மொதல்ல இவனைப் பாருங்க. ஆமா, இவனைத்தான். நெப்ராஸ்கால இருந்து அஞ்சு மணி நேரம் வண்டி ஓட்டிட்டு வந்தது இவனுக்காக இல்லன்னு எனக்கும் தெரியும். நீங்க போட்டோல பாத்தது அந்தக் கடைசி அடைப்புல நிக்கிறவனை. கவர்னரை. எல்லாருக்கும் கவர்னர்தான் வேணும். ஆனா பொலிக்குப் பன்னிக் கெடா வாங்க வந்தவரு ஒரே ஒருத்தனைப் பாத்துட்டு டிரெய்லர்ல ஏத்திட்டுப் போனா நல்லாவா இருக்கும்? இந்த வெர்லின் ஹாசே நின்னு நாலு வார்த்தை பேசக்கூட இல்லன்னு ஊர்ல போய் சொல்லுவீங்க.

இந்த வாளியைக் கவுத்துப் போட்டு உக்காருங்க. காபி ஊத்துறேன். காலைல ஆர்லிஸ் போட்டது, கொஞ்சம் கடுத்துத்தான் போயிருக்கும். ஆர்லிஸ் என் வீட்டுக்காரி. போன்ல உங்ககிட்ட பேசுனது அவதான். கவர்னர் போட்டோவை நெட்ல ஏத்தி விட்டதும் அவதான். என்னைக் கேக்கல. நேத்து ராத்திரி சாப்பாட்டுலதான் சொல்றா, நாளைக்கு ஒருத்தர் கவர்னரைப் பாக்க வர்றாருன்னு. உருளைக்கிழங்கை அப்படியே வச்சுட்டு எந்திரிச்சுட்டேன்.

இல்ல இல்ல, விக்க மனசு இல்லாம இல்ல. அத விடுங்க. இவனைப் பாருங்க.

இவன் கவர்னரோட கூடப் பொறந்தவன். ஒரே ஈத்து. காதைப் பாருங்க, வலது காதுல வெட்டியிருக்கறது ஈத்து நம்பர், இடது காதுல குட்டி நம்பர். ரெண்டு பேருக்கும் வலது காது பன்னெண்டு. கவர்னர் இடது காது நாலு, இவன் ஆறு. அவனுக்குப் பேர் வச்சோம். இவனுக்கு யாரும் வைக்கல, ஆறுன்னே கூப்பிடுறேன். டேய் ஆறு, எந்திரிடா, விருந்தாளி வந்திருக்காரு.

நிறம் கொஞ்சம் அழுக்கு வெள்ளைதான். முதுகுல நீலத் திட்டு அங்கங்க. கவர்னர் மாதிரி கன்னங்கரேல்னு தோள்ல வெள்ளைப் பட்டை கட்டிட்டு நிக்கல. இருக்கட்டுமே. நீங்க என்ன, தோலை உரிச்சு சட்டையா தைக்கப் போறீங்க?

எத்தனை வருஷமா பண்றீங்க? நாலா? நான் முப்பத்திரெண்டு. ஒரு விஷயம் சொல்றேன், கேட்டுக்கங்க. கலப்புக் கெடா பாக்கப் போற இடத்துல நம்ம ஆளுங்க அத்தனை பேரும் ஒரே தப்பைத்தான் பண்றோம். நேரா பின்பக்கம் போய் நிக்கிறோம். தொடையைப் பாக்குறோம். பொம்முன்னு இருந்துட்டா அங்கயே விழுந்துடுறோம். அப்புறம் கால் கோணலா இருந்தா சரி பண்ணிக்கலாம், நடை சரியில்லன்னா தரை வழுக்குதுன்னு நாமளே அவனுக்கு வக்கீலாயிடுறோம். அப்படிப் பாக்காதீங்க. மொதல்ல நடக்க விடுங்க. பேசாம நின்னு பத்து நிமிஷம் நடக்க விடுங்க. பின்னங்கால் வைக்கிற இடம் முன்னங்கால் வச்ச தடத்துலயே விழுதா? அதைப் பாருங்க. இவனுக்கு விழும். குளம்புல ரெண்டு விரலும் ஒரே அளவா இருக்கா? ஒண்ணு பெருசு ஒண்ணு சின்னதுன்னா வாங்காதீங்க, அவன் குட்டிங்க அத்தனையும் நொண்டும். கணுக்கால் கொஞ்சம் வளைஞ்சு குடுக்கணும். நட்டமா நின்னா போட்டோக்கு நல்லாருக்கும், சிமெண்டுத் தரைல ரெண்டு வருஷம் தாங்காது.

அப்புறம் குனிஞ்சு அடிவயித்தைப் பாருங்க. சிரிக்காதீங்க தம்பி! கெடாவுக்கு எதுக்குக் காம்பு எண்ணணும்னு கேட்டவன் நிறைய பேர் எனக்குத் தெரியும். அவன் பொண்ணுங்க நாளைக்குப் பால் குடுக்கணும்ல? இவனுக்கு இந்தப் பக்கம் ஏழு, அந்தப் பக்கம் ஏழு. எல்லாம் ஒழுங்கா, இடைவெளி விட்டு இருக்கு. கவர்னருக்குப் பன்னெண்டுதான், அதுல ஒண்ணு பால் வராத குருட்டுக் காம்பு. போட்டோல அது தெரியாது. போட்டோல எதுவும் தெரியாது. முடியை வெட்டி, எண்ணெய் தடவி, முன்னங்காலை மேட்டுல ஏத்தி நிக்க வச்சுக் கீழ உக்காந்து எடுத்தா, நானும் முப்பது வயசாத்தான் தெரிவேன்.

கடைசியாத்தான் சதை. சதையைக் கடைசில பாக்கத் தெரிஞ்சவன்தான் கெடா பாக்கத் தெரிஞ்சவன். எங்க ஜில்லா முழுக்க என்கிட்டத்தான் வந்து கேப்பாங்க. வெர்லின் சொன்னா சரின்னு. பெருமைக்குச் சொல்லல. ச்சே, இல்ல, பெருமைக்குத்தான் சொல்லிட்டு இருந்தேன் இத்தனை வருஷமா.

உங்ககிட்ட எத்தனை தாய்ப்பன்னி?

ஒம்பதா. நல்லது. சின்னதா வச்சுக்கிட்டா ஒவ்வொண்ணையும் மொகம் பாத்து வளக்கலாம்.

என்னது? ஒம்பதுல மூணுக்குப் பதட்ட ரத்தமா? சோதனை பண்ண பேப்பர்லயே இருக்கா? பாத்து வாங்குனீங்களா, வாங்கினப்புறம் தெரிஞ்சதா?

ம்.

அதனாலதான் என்கிட்ட வந்தீங்களா.

இல்ல, ஒண்ணுமில்ல. காபி கடுப்பா இருக்கு. கொட்டிடவா? சரி குடிங்க.

பதட்ட ரத்தம்னா எனக்கு நீங்க விளக்கம் சொல்ல வேண்டியதில்ல தம்பி. எனக்கா? நாங்க இந்தக் கண்காட்சிப் பன்னி வளக்குறவங்களே கூட்டிட்டு வந்து கொட்டகைல கட்டி வச்ச சனியன் அது. அந்த ரத்தம் ஒரு பங்கு ஓடுனா பன்னிக்கு ஒண்ணும் ஆகாது. சொல்லப்போனா அழகாத்தான் இருக்கும். தொடை உருண்டு, முதுகுச் சதை ரெண்டாப் பிரிஞ்சு தெரிஞ்சு, பாக்குறவன் கண்ணைப் பறிக்கும். அதுக்காகவே தேடி வாங்குறவங்க உண்டு. அப்பன்கிட்ட ஒரு பங்கு, ஆத்தாகிட்ட ஒரு பங்குன்னு ரெண்டும் வந்து சேந்த குட்டிதான் போச்சு. நாலுல ஒண்ணு அப்படி விழும். சும்மா கிடந்தா கிடக்கும். பயந்துச்சு, ஓட்டுனாங்க, கூட்டத்தைப் பாத்துச்சுன்னா வாலு நடுங்கும், தோல்ல செவப்புத் திட்டு ஓடும், உடம்பு நெருப்பாயிடும், விறைச்சுப் போய் விழுந்துடும். ஊசி இல்ல, மருந்து இல்ல. அதனால அந்த ரத்தம் இருக்கற தாய்க்கு அது இல்லாத கெடாவாத்தான் தேடணும். சரியாத்தான் தேடியிருக்கீங்க. வந்த இடமும் சரிதான், பேரை வச்சுப் பாத்தா.

ரோட்டு முனைல போர்டைப் பாத்தீங்களா வரும்போது? ஹாசே கலப்புக் கெடாக்கள். அதுக்குக் கீழ ஒரு வரி இருந்துச்சு. இந்தக் கொட்டகையில் பதட்ட ரத்தம் கிடையாதுன்னு. ஆமா, இப்ப அந்த வரி இல்ல. காத்து. எங்க ஊர்க் காத்துக்குப் பெயிண்ட் நிக்காது.

அந்த வரியை நான்தான் எழுதுனேன். என் கையெழுத்து. இங்க மெர்ல் டீட்னு ஒருத்தன் இருக்கான், ரெண்டு மைல் தள்ளி. அவன்கிட்ட இருந்த நல்ல கெடா பாதிக்கு மேல அந்த ரத்தம் உள்ளதுதான். மறைக்க மாட்டான், பேப்பர்லயே போட்டுத்தான் விப்பான். ஒரு வருஷம் சர்ச் ஹால்ல பன்னி வளக்குறவங்க விருந்து. எல்லாரும் தட்டை வச்சுட்டு உக்காந்திருக்கோம். நான் எந்திரிச்சு நின்னு, குட்டி சாவுறதுக்குன்னே கெடா விக்கிறவன்கூட எல்லாம் ஒரே மேசைல உக்கார வேண்டியிருக்குன்னு சத்தமா சொன்னேன். மெர்ல் தலையைத் தூக்கிப் பாத்தான். என் பேப்பர்ல எழுதியிருக்கு வெர்லின், படிச்சுட்டுத்தான் வாங்குறாங்கன்னான். அவ்வளவுதான் சொன்னான். திரும்பவும் சாப்பிட ஆரம்பிச்சுட்டான். எல்லாரும் எனக்குத்தான் கை தட்டுனாங்க.

பேப்பரா? கவர்னரோடதா? இருக்கே. சுத்தம்னுதான் இருக்கும். வீட்டுல இருக்கு. ஆர்லிஸ் எங்க வச்சாளோ, அவ வேற டவுனுக்குப் போயிருக்கா. வரட்டும். நீங்க ஏன் அவசரப்படுறீங்க, வெயில் தாழப் போனாத்தான் பன்னிக்கு நல்லது. இந்த ஜூன் மாசத்துலயே இப்படிக் கொளுத்துது. போன வருஷம் கண்காட்சி அன்னைக்கு இதைவிட வெயில். அன்னைக்கு அடிச்ச வெயில்ல ஒரு பன்னி செத்தே போச்சு. மேடைலயே. உங்க ஊர் வரைக்கும் சேதி வந்திருக்குமே?

வரலையா. சரி.

என் தங்கச்சி பொண்ணோடது. தங்கச்சி ட்விலா, இங்க இருந்து ஏழு மைல். அவ புருஷன் லானி தானிய மில்லுல இருக்கான். பொண்ணு மேரன். அப்ப பதினேழு. அந்தப் பொண்ணு எட்டு வயசுலருந்து என் பின்னாடியே சுத்துவா. நான் கெடா பாக்கப் போனா அவளும் வருவா. நான் ஒண்ணும் சொல்லித் தரல, சும்மா கூட நிப்பா, கொஞ்ச நேரம் கழிச்சு, மாமா, அவன் இடது பின்னங்கால் சுண்டு விரல் சின்னது பாத்தீங்களான்னு கேப்பா. நான் பாத்திருக்க மாட்டேன். அப்படி ஒரு கண்ணு. மாட்டு டாக்டருக்குப் படிப்பேன்னு சொல்லிட்டுத் திரிஞ்சா.

அவகிட்ட டாலின்னு ஒரு தாய்ப்பன்னி. மெர்ல்கிட்ட வாங்குனது. பேப்பர்லயே இருந்துச்சு, டாலிக்கு ஒரு பங்கு உண்டுன்னு. அதனால சுத்தமான கெடா வேணும் அவளுக்கு. அப்பத்தான் கவர்னர் வளந்து நிக்கிறான். முப்பத்திரெண்டு வருஷத்துல என் கொட்டகைல அப்படி ஒருத்தன் பொறந்ததில்ல தம்பி. நடந்து வந்தான்னா மத்த கெடாவெல்லாம் வேலைக்காரன் மாதிரி ஒதுங்கி நிக்கும். மேரன் வந்தா, சுத்திச் சுத்திப் பாத்தா. சதை கொஞ்சம் அதிகமா இருக்கே மாமா, சுத்தமான ரத்தத்துல இப்படி வருமான்னு கேட்டா. கேட்டாளே! நான் என்ன பண்ணேன், பேப்பரை எடுத்து அவ கைல குடுத்தேன். இந்தாடி பெரிய டாக்டர், படிச்சுப் பாருன்னு. சிரிச்சுட்டா. டாலிக்கு கவர்னரோட சினை ஊசிதான் போட்டோம்.

ஒம்பது குட்டி. குட்டிங்களுக்குத் தடுப்பூசி போட்டன்னைக்கே ஒண்ணு கைலயே செத்துச்சு. இதயம் பலவீனம்னு சொன்னேன். மிச்சத்துல ஒருத்தனைப் பொறுக்கி எடுத்தா, காயடிச்சு, கண்காட்சிக்குன்னு வளத்தா. பிஸ்கட்னு பேர். தினம் சாயங்காலம் அவனை ரோட்டோரமா நடக்க வச்சுக் கூட்டிட்டுப் போவா, நாய் மாதிரி. ஆளில்லாத ரோடு, சோளக் காடு, அவனும் அவளும் மட்டும். அங்க பயப்பட என்ன இருக்கு அவனுக்கு? நல்லாத்தான் இருந்தான். நானே பாத்துட்டு, நாலுல ஒண்ணுதான், இவன் மத்த மூணுல ஒருத்தன் போலன்னு நெனச்சு...

என்ன?

இல்ல, நீங்க கேட்டது சரிதான். சுத்தமான கெடான்னா நாலுல ஒண்ணுன்னு நான் எதுக்கு நெனக்கணும்.

அதான். பேப்பர் தப்பு தம்பி. கவர்னருக்கு அந்த ரத்தம் உண்டு. உங்க மூணு பன்னிக்கும் அவன் ஆக மாட்டான். அதுக்குத்தான் காலைலருந்து ஆறு, ஆறுன்னு தொண்டை கிழியக் கத்திட்டு இருக்கேன். ஆறு சுத்தம். அது எனக்கு நல்லாத் தெரியும்.

எப்படின்னா, ரத்தம் சோதிக்க லேபுக்கு முடியைப் பிடுங்கி அனுப்புவோம்ல, வேரோட இருபது முடி, கவர்ல போட்டு மேல காது நம்பர் எழுதி. ரெண்டு பேரும் அப்ப ஒரே அடைப்புல இருந்தானுங்க. மாறிப் போச்சு. ஆறோட முடி கவர்னர் கவருக்குள்ள போயிடுச்சு. கை தவறி.

ரொம்ப நல்லவரா இருக்கீங்க. ஆனா எல்லாருக்கும் நடக்கறதுதான்னு மட்டும் சொல்லாதீங்க. இருங்க, எந்திரிக்காதீங்க. கண்காட்சி அன்னைக்கு நடந்ததைச் சொல்லிடுறேன்.

மேரன் இறுதிச் சுத்துக்கு வந்துட்டா. பதினோரு பன்னி. சுத்தி ஜனம், பெஞ்சு நெறைய. ஒலிபெருக்கி கத்துது. நடுவரு ஓஹியோல இருந்து வந்த ஆளு, நீதான் ஜெயிச்சன்னு கைகுலுக்கப் போறவனை ஏற்கெனவே முடிவு பண்ணிட்ட மொகம். பிஸ்கட்டைத்தான் பாத்துட்டே நடக்குறாரு. ட்விலா என் கையைப் பிடிச்சுக்கிட்டா. அப்ப ரெண்டு பன்னி சண்டை போட்டுச்சுங்க, பிரிச்சு விடப் பலகையோட ஆளுங்க ஓடுனாங்க, சத்தம். பிஸ்கட் நின்னுட்டான். நான் வாலைத்தான் பாத்தேன். வேற யாரும் வாலைப் பாக்கல, எல்லாரும் நடுவரைப் பாக்குறாங்க. வாலு நடுங்குது. எனக்கு அப்பவே தெரிஞ்சு போச்சு. உள்ள குதிச்சு நிறுத்தியிருக்கலாம். நிறுத்துனாலும் பொழச்சிருக்க மாட்டான்தான், ஆனா குதிச்சிருக்கலாம். நான் உக்காந்துட்டு இருந்தேன். காதுக்குப் பின்னால செவப்பு. வயித்துல செவப்பு. நாய் உக்கார்ற மாதிரி உக்காந்தான், சாஞ்சான். அவ மரத்தூள்ல முட்டி போட்டு அவன் தலையை மடில எடுத்து வச்சுக்கிட்டா. கூட்டம் மொத்தமும் எந்திரிச்சு நிக்குது.

பன்னி கழுவுற இடத்துக்குப் பின்னால தூக்கிட்டுப் போய்ப் போட்டோம். லானிக்கு எப்பவுமே வாய் முந்தும். தண்ணி காட்டுனியா, காலைல என்ன தீனி போட்டன்னு அவளைக் கத்துறான். பத்துப் பன்னெண்டு பேர் சுத்தி நிக்கிறாங்க. மெர்லும் நிக்கிறான். மெர்லுக்குத் தெரிஞ்சிருக்கும் தம்பி, அவனுக்குத் தெரியாத விஷயமா? ஆனா டாலி அவன் வித்தது, அதுல ஒரு பங்கு இருக்குன்னு அவன்தான் எழுதிக் குடுத்தவன். மிச்சம் ஒரு பங்கு எங்கருந்து வந்துச்சுன்னு என்னைத்தான் பாத்துட்டு நின்னான். ஒரு வார்த்தை பேசல. சர்ச் ஹால்ல நான் அவனை அப்படி விடல, பாருங்க.

மேரன் என்கிட்ட வந்தா. சட்டையெல்லாம் மரத்தூள். மாமா, நான் என்ன தப்பு பண்ணேன்னு கேட்டா.

நான் சொன்னேன், வெயில்ல ரொம்ப ஓட்டிட்ட கண்ணு. உள்ள கூட்டிட்டுப் போறதுக்கு முன்னாடி நல்லா நனைச்சிருக்கணும்.

அப்படித்தான் சொன்னேன். தோள்ல கை வேற வச்சுக்கிட்டு.

அதோட முடிஞ்சுது. நான் சொல்லிட்டேன்ல, வெர்லின் சொன்னா சரி. லானி வீட்டுல ஒரு மாசம் அதையே சொல்லிக் காட்டியிருக்கான். டாலியை வித்துட்டாங்க. இந்த வருஷம் அவ பன்னி எதுவும் எடுக்கல, பிள்ளைங்க கண்காட்சில இதுதான் அவளுக்குக் கடைசி வருஷம், அடுத்த வருஷம் வயசு தாண்டிடும். மாட்டு டாக்டர் படிப்பு என்னாச்சுடின்னு ட்விலா கேட்டதுக்கு, ஒரு பன்னிக்குத் தண்ணி ஊத்தணும்னு தெரியாதவளுக்கு எதுக்கும்மா அந்தப் படிப்புன்னாளாம். ஆகஸ்ட்ல வேற என்னமோ கணக்குப் படிப்புல சேரப் போறா. ட்விலா போன்ல சொல்லி அழுறா. நான் ம், ம்னு கேட்டுக்கிட்டு இருக்கேன்.

அந்தச் சுவரைப் பாருங்க. ஆமா, அட்டை எல்லாம். கண்காட்சி முடிஞ்சா பிள்ளைங்க எல்லாம் நன்றி எழுதி அனுப்பணும்ல, கெடா குடுத்தவங்களுக்கு, பன்னி வாங்குனவங்களுக்கு. உங்க பக்கமும் உண்டா? உங்க பொண்ணும் எழுதுமா? எத்தனை வயசு? பத்தா. ம். இத்தனை வருஷத்து அட்டையும் நான் ஆணியடிச்சு வச்சிருக்கேன். பன்னிப் படம், பூப் படம், எழுத்துப் பிழை. மேரனோட போன வருஷ அட்டை மட்டும் அங்க இருக்காது. இங்க இருக்கு, சட்டைப் பைல. துவைக்கப் போடும்போது மாத்தி மாத்தி வச்சுக்குவேன். ஆர்லிஸ் கேட்டா ரசீதுன்னுடுவேன்.

படிங்க. கண்ணாடி இல்லன்னா நானே சொல்றேன், எனக்கு மனப்பாடம். அன்புள்ள வெர்லின் மாமா, கவர்னரை எனக்குக் குடுத்ததுக்கு நன்றி. உங்க கெடாவோட பேரை எல்லார் முன்னாடியும் கெடுத்துட்டேன். நீங்க சொன்ன மாதிரி பிஸ்கட்டை நனைச்சிருக்கணும். நீங்க என்னைத் திட்டாததுக்கும் நன்றி.

திட்டாததுக்கு நன்றி தம்பி.

 அதைப் படிச்ச அன்னைக்கோட கவர்னரோட சினை ஊசியை நிறுத்திட்டேன், ஒருத்தருக்கும் குடுக்கல. போர்டுல அந்த வரியைச் சுரண்டுனேன். காத்து இல்ல, நான்தான், பெயிண்ட் சுரண்டுற கத்தியை வச்சு, ஏணி மேல நின்னு. போற வர்ற வண்டி எல்லாம் ஆரன் அடிச்சுட்டுப் போகுது, வெர்லின் புதுசாப் பெயிண்ட் அடிக்கிறான்னு நெனச்சுக்கிட்டு. அதையெல்லாம் பண்ணேன். பண்ண வேண்டியது மட்டும் இன்னும் பண்ணல.

இன்னொண்ணு. கை தவறல.

மொதல்ல கவர்னரோட முடியைத்தான் அனுப்புனேன். ஒழுங்கா, அவனோடதையே. ஒரு பங்கு உண்டுன்னு பேப்பர் வந்துச்சு. அந்த ரத்தம் எங்கருந்து வந்துச்சுன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியாது, அவன் ஆத்தாவை நான் சோதிக்கவே இல்ல, என் கொட்டகைதானேன்னு. பேப்பரோட வாசல்ல நிக்கிறேன், ரோட்டு முனைல போர்டு தெரியுது. மெர்ல் மாதிரி எழுதி வச்சு வித்திருக்கலாம். வாங்க ஆள் வரிசைல நின்னிருக்கும், நஷ்டம் ஒண்ணும் இல்ல. ஆனா அந்த வரியை அழிக்கணும். சர்ச் ஹால்ல மறுபடி தட்டைத் தூக்கிட்டுப் போய் மெர்ல் பக்கத்துல உக்காரணும். ரெண்டு நாள் யோசிச்சேன். மூணாவது நாள் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கிட்டு, கவர்ல பன்னெண்டு-நாலுன்னு நிதானமா எழுதிட்டு, ஆறு முதுகுலருந்து இருபது முடி பிடுங்குனேன். எண்ணிப் பிடுங்குனேன். அவன் கத்தக்கூட இல்ல, சொரிஞ்சு விடுறேன்னு நெனச்சு சாஞ்சு நின்னான். அதனாலதான் சொன்னேன், ஆறு சுத்தம்னு எனக்கு நல்லாத் தெரியும்னு.

இப்ப என்னைப் பாக்குற பார்வை சரியா இருக்கு. இப்படித்தான் பாக்கணும்.

ஆறை நீங்க எடுத்துக்கங்க. நம்ப முடியலன்னா நீங்களே உங்க கையால முடி பிடுங்கி அனுப்புங்க, பேப்பர் வந்தப்புறம் வந்து ஏத்திக்கலாம், நான் ஒண்ணும் நெனக்க மாட்டேன். வேணாம், மெர்ல்கிட்டயே போங்க. அவன்கிட்ட சுத்தமானதும் ரெண்டு நிக்கிது. அவன் பேப்பர்ல இருக்கறது இருக்கும். நானே வழி சொல்றேன், ரெண்டு மைல் தெற்கே, பச்சைக் கூரை.

ஆறையேவா? உண்மையாவா? சரி. உங்க பன்னிங்களை நல்லாப் பாத்துக்குவான். டேய், உனக்கு ஒரு பேரு வைக்கச் சொல்றேண்டா இவரை.

டிரெய்லரை இந்தப் பக்கம் பின்னால எடுங்க. மெதுவா, மெதுவா, கம்பத்துல இடிச்சுடாதீங்க. தம்பி, ஒரு உதவி கேக்கட்டுமா? நீங்க போறது மேற்கு ரோடுதானே. ஏழாவது மைல்ல தபால் பெட்டி பக்கத்துல ஒரு செவப்புக் கொட்டகை வரும். ட்விலா வீடு. சனிக்கிழமை மேரன் வீட்டுலதான் இருப்பா. என்னை அங்க வாசல்ல இறக்கி விட்டுட்டுப் போயிடுங்க. என் வண்டி நல்லாத்தான் ஓடுது, அதுக்கில்ல. என் வண்டில போனா திரும்பிடுறேன். பதினோரு மாசத்துல நாலு தடவை அந்தத் தபால் பெட்டி வரைக்கும் போயிட்டேன். ஒரு தடவை அவ வெளிய வந்து கை கூட ஆட்டுனா. நான் பதிலுக்கு ஆட்டிட்டு வந்துட்டேன். ஏழு மைல் நடந்து திரும்ப என் முட்டி விடாது, அதனால இறக்கி விட்டுட்டீங்கன்னா உள்ள போய்த்தான் ஆகணும்.

இருங்க, தொப்பியை எடுத்துக்கறேன். நல்ல வெயில் இன்னைக்கு.

கண்காட்சி அன்னைக்கு வெயிலே இல்ல தம்பி. விடியற்காலைலருந்து தூறிட்டு இருந்துச்சு. நான் உக்காந்திருந்த பெஞ்சு ஈரம். மேரன் ஜாக்கெட் போட்டிருந்தா.